பத்தாவும் வள்ளியும்

ஹலோ... ஹலோ... மீனாவா?... அப்பாடி, எடுத்தியே. ரியாத்துலருந்து நான்தான் பேசுறேன்... நான்தான்னா யாரா? வீரபாண்டி. உன் புருஷன்... ம்... ம்... மத்தியானத்துலருந்து அஞ்சு தடவை அடிச்சுட்டேன் மீனா. மணி போகுது, ஒருத்தரும் எடுக்கல. ஆறாவது தடவை எடுத்துட்டு யாருன்னு கேக்குற...

என்ன?... பேசுறதுக்கு என்ன இருக்கா?

என்ன புள்ள, குரலே ஒரு மாதிரியா இருக்கு. உடம்புக்கு முடியலையா?... விஜிக்கா?... சரி, எல்லாரும் நல்லாத்தான் இருக்கீங்க. ஆமா. ஆமா. நல்லா இருங்க. கேட்டதுக்கு இப்படியா வெடுக்கு வெடுக்குன்னு பதில் சொல்றது...

மூட்டை கட்டியாச்சா? எதுக்கு?... உங்கம்மா வீட்டுக்கா? பொங்கலுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு... பொங்கலுக்கு இல்லையா. பின்ன எதுக்கு?... விஜி பள்ளிக்கூடம் என்னாகுறது?... அங்கயே சேத்துக்கிருவியா?... உங்கண்ணன் விஜயபாஸ்கர் வேன் எடுத்துக்கிட்டு வர்றாரா? இன்னைக்கேவா?

இரு இரு. வச்சுராத. என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு... எனக்கே தெரியுமா? எனக்கு என்ன தெரியும்?... எல்லாம் தெரிஞ்சுபோச்சா.

...எல்லாம்னா?

யாரு சொன்னா?... நான் கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லு. யாரு சொன்னது?... சோலைமுத்தா? லீவுல ஊருக்கு வந்தவன் பார்சலைக் குடுத்துட்டு, ஒரு காப்பியைக் குடிச்சுட்டுப் போக வேண்டியதுதான. அவனுக்கு எதுக்கு என் கதை... இல்ல, நான் ஏன் பதறப் போறேன். பதறல. இரு மீனா, இந்தா கடைக்காரர் பாய் கூப்பிடுறாரு. ஒரே நிமிஷம், வச்சுராத.

பாய்... போனைப் பொத்திக்கிட்டுதான் பேசுறேன், அவளுக்குக் கேக்காது. என் விஷயம் வீட்டுக்கு எட்டிருச்சு போல பாய்... வேற எந்த விஷயம், கம்பெனியை விட்டு ஓடியாந்ததுதான். மூணு மாசமா மூச்சு விடாம வச்சிருந்தேன். பாஸ்போர்ட்டு முதலாளி கஃபீல் பெட்டில கெடக்கு, இங்க தங்குறதுக்கு உள்ள இக்காமா அட்டை காலாவதி ஆயிருச்சு, உங்க கடை மாடில ஒளிஞ்சு கெடக்குறேன்னு தெரிஞ்சா அவ என்னாவா... இல்ல, கேக்குறேன்னு கோவிச்சுக்காதீங்க. சோலைமுத்து பார்சலை வாங்க இங்கதான வந்தான். நீங்க ஏதும் வாயை விடலையே?... ஒரு வார்த்தைகூட?... நான் டூட்டிக்குப் போயிருக்கேன்னுதான் சொன்னீங்க. சரி. சந்தேகப்படல பாய். அஸர் தொழுகைக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?... கால் மணி நேரம். அதுக்குள்ள பேசிர்றேன். ஷட்டரை இறக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க.

ஆங், மீனா. இருக்கியா?... கௌஸ் முகைதீன் பாய். தொண்டிக்காரரு. போன் கடை வச்சிருக்காரு, இங்கருந்துதான பேசுறேன்... ஆம்பளைதான். பாய்னா ஆம்பளைதான்டி. இதுல என்ன சந்தேகம் உனக்கு?

சரி, அவன் என்ன சொன்னான், முழுசாச் சொல்லு... நான் எதைச் சொல்றது? நீ கேட்டதைச் சொல்லு, நான் ஆமா இல்லைன்னு சொல்றேன்... மடியில கனமில்லாட்டி வழியில பயம் எதுக்கா? நல்லா கேக்குற...

...

மீனா, எப்படியும் ஒருநாள் உனக்குத் தெரியத்தான் போகுது. நானே சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல... வேணும்னு செய்யல புள்ள. இங்க இருக்கிற கஷ்டம் ஊர்ல இருந்துக்கிட்டு உனக்குப் புரியாது. மனுஷன் எத்தனை வருஷம்தான் பொறுத்துக்கிட்டுக் கெடப்பான், சொல்லு... வெக்கமா? இதுல வெக்கப்பட என்ன இருக்கு. நான் ஒருத்தனா, இந்த ஊர்ல ஆயிரம் பேரு இப்படித்தான் இருக்காய்ங்க... ஆமா, பொண்டாட்டி புள்ளை இருக்கிறவய்ங்கதான். அதுனாலதான் இன்னும் கஷ்டம்... ஏ, ஏன் அழுகுற? மீனா... காறித் துப்புனியா இப்ப?

பேரா? யாரு பேரு?... என் வாயால சொல்லணுமா? எதை?... பத்தாவா?

பத்தாவுக்கு என்ன?... எத்தனை நாளாப் பழக்கமா? நான் இங்க வந்து இறங்குன மொத வெள்ளிக்கிழமையிலருந்து பழக்கம்தான். மூணு வருஷம் ஆச்சு... வாராவாரமும் போவேன். எல்லாரும்தான் போவாய்ங்க... சோலைமுத்தும்தான். அவன்தான் என்னை மொதமொதல்ல கூட்டிட்டுப் போனதே... கருமமா? ஏன் அவனை வையுற?... வயசா? பத்தாவுக்கு என்ன வயசு, அது கெடக்கு ரொம்பப் பழசு... செவப்பா கறுப்பாவா?

...மீனா. நீ யாரைக் கேக்குற?

இரு. நிறுத்து. பத்தாங்கிறது யாருன்னு நெனைச்ச நீ?... எவளா? என்னைய வளைச்சுப் போட்டவளா?

ஐயோ கடவுளே. பாய், இங்க வாங்களேன். பத்தாவைப் பொம்பளைங்கிறா பாய்... ஆமா. நான் பத்தாவை வச்சுக்கிட்டு இருக்கேனாம். அதுக்குத்தான் மூட்டை கட்டியிருக்கா... சிரிக்காதீங்க, நீங்க சிரிச்சா எனக்கும் வருது...

இல்ல மீனா. உன்னையப் பாத்துச் சிரிக்கல. சத்தியமா. கொஞ்சம் காது குடுத்துக் கேளு. பத்தா பொம்பளை இல்ல. ஊரு. ரியாத்துக்குள்ள ஒரு கடைத்தெரு... புளுகல. நம்ம மதுரையில விளக்குத்தூண், மாசி வீதின்னு சொல்லலையா, அந்த மாதிரி. விளக்குத்தூண்ல சேலை எடுத்தேன்னா அங்க ஒரு பொம்பளை நின்னு எடுத்துக் குடுத்தான்னா அர்த்தம்?

சோலைமுத்து என்ன சொன்னான்?... 'வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா அண்ணன் குளிச்சு, சென்ட் அடிச்சுக்கிட்டு பத்தாவுக்குக் கெளம்பிருவாரு.' ஆமா, சொல்லிருப்பான். 'பத்தா மட்டும் இல்லைன்னா அண்ணனுக்கு உசிரே இல்ல.' அதுவும் நெசந்தான். வெளங்காத பய, அதுக்கு முன்னாடி பத்தா மார்க்கெட்டுன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லித் தொலைஞ்சிருக்கலாம்.

லெட்டர்லயா? நானா எழுதுனேன்?... படி பாப்போம்... 'இந்தச் சேலை பத்தாவில் எடுத்தது. உனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பத்தா இல்லை என்றால் நான் எப்போதோ பைத்தியம் ஆகியிருப்பேன்.' ம்... ம்... நீ வாசிக்கிறதைக் கேட்டா எனக்கே என் மேல சந்தேகமாத்தான் இருக்கு. அந்தச் சேலையை என்ன பண்ணுன?... கரித்துணியாவா? பாதகத்தி. ஊதாப் பூப் போட்டது. மூணு கடை ஏறி இறங்குனேன் அதுக்கு.

போட்டோவா? அதுல பின்னாடி கறுப்பா நிக்கிறது... அது யாரோ புர்கா போட்டுக்கிட்டுத் தக்காளி வாங்க வந்த மனுஷி மீனா. புருஷன் பக்கத்துலயே நிப்பான், பாரு. அவய்ங்க போட்டோல விழுந்ததே அவய்ங்களுக்குத் தெரியாது... பின்னாடி 'பத்தாவில் நான்'னுதான் எழுதிருக்கேன். 'பத்தாவுடன் நான்'னா எழுதிருக்கேன்? எழுத்தைக் கூட்டிப் படி... பாத்தியா. பாத்தியா.

நம்பல. இன்னும் நம்பல... சரி, பாய்கிட்டயே கேளு. அவருக்குப் பொய் சொல்ல வராது. பாய், இந்தாங்க, பத்தான்னா என்னன்னு நீங்களே சொல்லுங்க. அதை மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்... புரியுதுல்ல... வேற எதுவும்...

சுருக்கா குடுங்க பாய்... குடுங்க... ஆங், மீனா. என்ன சொன்னாரு?... தங்கச்சின்னு கூப்பிட்டாரா. நல்லது. அவரு கடையே பத்தாவுலதான் இருக்குன்னு சொன்னாரா... வேற ஏதாச்சும் சொன்னாரா?... இல்ல, சும்மா கேக்குறேன்... ஒண்ணும் சொல்லலையா. சரி. சரி.

இப்ப நம்புறியா? கேளு, நானும் சொல்றேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இங்க வந்து பாக்கணும். கால் வைக்க இடம் இருக்காது. பாலத்துக்குக் கீழ நம்ம கமுதிக்காரய்ங்க நிப்பாய்ங்க. அங்கிட்டு ஒரு பேங்கு வாசல்ல தஞ்சாவூர்க்காரய்ங்க. பேக்கரிப் பக்கம் கன்னியாகுமரி. எவனும் கோடு போட்டுப் பிரிச்சுக் குடுக்கல, அவனவன் இடம் அவனவனுக்குத் தெரியும். ஆறு நாளா சைட்ல ஜல்தி ஜல்தின்னு கேட்ட காதுக்கு, 'என்னப்பா, ஊர்ல மழை உண்டா'ன்னு எவனாச்சும் கேட்டாத்தான் உசிரு வரும். நம்ம ஊர்ல எருமை கன்னு போட்டதைக்கூட அங்க நின்னுதான் தெரிஞ்சுக்கிருவேன். ஒருத்தன் முருங்கைக்கீரை வாங்குவான், ஒருத்தன் முடி வெட்டிக்கிருவான், ஊருக்குப் போறவன்கிட்ட நாலு பேரு பொட்டலத்தைக் குடுத்துக்கிட்டு நிப்பாய்ங்க. போன வாரத்துப் பேப்பரை எட்டுப் பேரு பிச்சுப் பிச்சுப் படிப்பாய்ங்க. நான் படிச்ச பக்கத்துல கதை பாதியில நிக்கும், மீதி எவன் கையில இருக்குன்னு தேடுவேன். அதைத்தான் எழுதுனேன் புள்ள, பத்தா இல்லைன்னா பைத்தியம் பிடிக்கும்னு.

ம்... ம்... சிரிச்சுட்டியா? கேட்டுச்சு. சிரிச்சுட்டு இல்லைன்னு சொல்லாத... ஆமா, சென்ட் அடிச்சுக்கிட்டுத்தான் போவேன். மேஸ்திரி வேலை செஞ்ச சட்டையோட போனா நம்மூர்க்காரய்ங்க என்ன நெனைப்பாய்ங்க... அடிப் போடி.

யாரு அங்க இருமுறது?... ஆம்பளை இருமல் கேட்டுச்சு மீனா. யாரு வீட்டுக்குள்ள?... உங்கண்ணன் வந்தாச்சா. அதுக்குள்ளயா... இருக்கட்டும், வந்தவரு காப்பி சாப்பிட்டுட்டுப் போகட்டும். அவருகிட்ட பத்தா கதையைச் சொல்லு, அவரும் சிரிக்கட்டும். தூக்குன பையை இறக்கிரு. என்ன?... இன்னும் ஒண்ணு இருக்கா? கேளு. எதை வேணும்னாலும் கேளு. எனக்கு என்ன பயம்.

...யாரு வள்ளி?

எந்த வள்ளி?... எனக்கு வள்ளின்னு யாரையும் தெரியாதே. இதுவும் சோலைமுத்து வேலையா?... அவன் இல்லையா. பின்ன யாரு?

கம்பெனி கேம்ப்புக்குப் போன் பண்ணுனியா. நீயா... எப்ப?... புதன்கிழமை. நம்பர் எப்படிக் கெடைச்சுச்சு உனக்கு?... பழைய கவர் மேல இருந்துச்சா. யாரு எடுத்தா?... வாட்ச்மேன். சரி. அவனுக்குத் தமிழ் தெரியாதே... இந்தில பேசுனான். உனக்கு இந்தி தெரியாதே... பேரு மட்டும் புரிஞ்சுச்சா.

அவன் என்ன சொன்னான்? ஒரு எழுத்து விடாமச் சொல்லு...

'வீரபாண்டி மாஃபி. வீரபாண்டி கள்ளி வள்ளி.'

...

மூணு தடவை கேட்டியா. மூணு தடவையும் அதையே சொல்லிச் சிரிச்சானா... ஆமா, சிரிப்பான்... 'வாட்ச்மேனே கள்ளிங்கிறான்னா அவ எப்பேர்ப்பட்டவளா இருப்பா'வா... இல்ல... இல்ல மீனா, அது வந்து...

அது ஆள் பேரு இல்ல. அரபிப் பேச்சு. பத்தா மாதிரிதான் இதுவும்... அர்த்தமா?... விட்டுத் தள்ளுன்னு அர்த்தம். கல்லிவல்லின்னா, போய்த் தொலையுது, விட்டுத் தள்ளு. எல்லாத்துக்கும் சொல்லுவாய்ங்க இங்க... 'வீரபாண்டி விட்டுத் தள்ளுன்னா என்ன'வா? அது... சும்மா ஒரு பேச்சுக்கு... ஏன் தடுமாறுறேன்? தடுமாறல... பத்தாவுக்கு மூச்சு விடாமச் சொன்னேன், வள்ளிக்கு மட்டும் வாய் வரலையா... குரலை மாத்தாத மீனா. இப்பத்தான சிரிச்ச...

பாய்கிட்டயா? பாய் எதுக்கு, நான்தான் சொல்றேனே... குடுக்கச் சொல்றியா. அவரு பொய் சொல்ல மாட்டாருன்னு நானே சொன்னேனா. ஆமா, சொன்னேன்... இரு. குடுக்குறேன். இரு.

பாய், கேம்ப்பு வாட்ச்மேன் அவகிட்ட நான் மாஃபி, இங்க இல்ல, கல்லிவல்லின்னு சொல்லிருக்கான் பாய். இவ வள்ளின்னு எவளோன்னு நெனைச்சுக்கிட்டு நிக்கிறா. உள்ளதைச் சொன்னா நான் ஓடியாந்தது தெரிஞ்சுபோகும். சொல்லாட்டி இப்பவே வேன்ல ஏறிருவா. எனக்காக ஒரே ஒரு பொய் சொல்லுங்க பாய். வள்ளிங்கிறது கேம்ப்புல திரியிற பூனைன்னு சொல்லுங்க, ஏதாச்சும் சொல்லுங்க... என்ன?... பாங்கு சொல்லிட்டாங்களா. கேக்குது... தொழப் போற நேரத்துல வாயால பொய் வராது உங்களுக்கு. தெரியும் பாய். கேட்டது என் தப்பு. விடுங்க.

...

மீனா. உங்கண்ணன் பக்கத்துல நிக்கிறாரா? கொஞ்சம் அந்தப் பக்கமா வா. வயர் எட்டுற வரைக்கும் வா... வந்துட்டியா?

அந்த வள்ளி நான்தான்.

ஆமா. நான்தான்டி கல்லிவல்லி. வேற எவளும் இல்ல. கம்பெனியை விட்டு ஓடுனவனை, இக்காமா இல்லாதவனை, இங்க அந்தப் பேரு வச்சுத்தான் கூப்பிடுவாய்ங்க. போனவன் போறான், விட்டுத் தள்ளுன்னு... மூணு மாசமாச்சு. ரெண்டு வருஷத்துல லீவு தர்றேன்னு சொன்னான் அந்த கஃபீலு. மூணாவது வருஷமும் போச்சு. போய்க் கேட்டேன். பாஸ்போர்ட்டை எடுத்து என் கண்ணு முன்னாடி பெட்டில வச்சுப் பூட்டுனான். அன்னைக்குப் புத்தி கெட்டுப்போச்சு எனக்கு. போர்வையைச் சுருட்டிக்கிட்டு வெளிய வந்துட்டேன். அதுக்கப்புறம் திரும்ப முடியல. ஓடிப் போயிட்டான்னு போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டான்... பாய் கடை மாடில இருக்கேன். நம்மூர்க்காரய்ங்க யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை கீழ இறங்குறதில்ல, செக்கிங் இருக்கும். மாடி ஜன்னல்லருந்து பாத்தா பாலம் தெரியும். கமுதிக்காரய்ங்க நிக்கிறது தெரியும். என்ன பேசிக்கிறாய்ங்கன்னுதான் கேக்காது.

தைக்கா?... இல்ல. தைக்கு வர முடியாது. பிடிச்சா ஜெயில்ல போட்டு, அப்புறம்தான் ஏத்தி அனுப்புவாய்ங்க... எப்பன்னு தெரியல. பொது மன்னிப்பு வரும்னு பேசிக்கிறாய்ங்க. வரலாம். வராமலும் போகலாம்... உன்கிட்ட எப்படிச் சொல்றது? ஒவ்வொரு தடவையும் தைக்கு வந்துருவேன், தைக்கு வந்துருவேன்னு சொன்ன வாயால எப்படிச் சொல்றது...

மீனா... ஏதாச்சும் பேசு. வையி, திட்டு... அழுகுறியா?... பின்ன?

என்ன சொன்ன? சத்தமாச் சொல்லு, பாங்குல கேக்கல.

...பத்தா பொம்பளையாவே இருந்திருக்கலாமா.

ம்... ம்... பொம்பளையா இருந்தா, எப்படியாச்சும் பிளேன் ஏறி வந்து, அவ முடியைப் பிடிச்சு இழுத்துப் போட்டுட்டு என்னைக் கையோட கூட்டிட்டுப் போயிருப்பியா... ஆமா... ஆமா புள்ள. கூட்டிட்டுப் போயிருப்ப. எனக்குத் தெரியாதா.

இந்தா பாய், ஆச்சு. ஒரே வார்த்தை. மீனா, தொழுகைக்குக் கடை அடைக்கணும், அடைக்கச் சொல்லித் தெருவுல ஆளு வந்துக்கிட்டிருக்கு. உங்கண்ணன்கிட்ட பையை... என்ன?... நீயே இறக்கி வச்சுட்டியா. எப்ப?... வள்ளி நான்தான்னு சொன்னப்பவே.

சரி... சரி புள்ள... வைக்கிறேன்.

இறக்குங்க பாய்.